வந்து சேர்ந்த நேரம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். என் வண்டி இதுவரை ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை. சந்தேகமிருந்தால் பதிவேட்டைப் பாருங்கள். சைரனைப் போட்டுவிட்டால் கண்மண் தெரியாமல் பறக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

விசாரணை அதிகாரி ஐயா, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். படிவத்தின் மேலே உள்ள கட்டங்களை நேற்றே நிரப்பிவிட்டேன். வயது, வேலை, வண்டி எண் எல்லாம் இருக்கின்றன. 'பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் உண்மை சொல்லப்பட்டதா?' என்ற கேள்விக்கும் 'ஆம்' என்று குறித்திருக்கிறேன். மீதியைக் கீழே எழுதுகிறேன்.

எங்கள் வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. அதில் மூன்று பொத்தான்கள்: புறப்பட்டோம், வந்து சேர்ந்தோம், ஏற்றிக்கொண்டோம். அழைப்பு வந்து எட்டு நிமிடத்துக்குள் இரண்டாவது பொத்தானை அழுத்திவிட்டால், நிலையத்துப் பலகையில் எங்கள் வண்டிக்கு நேரே பச்சைப் புள்ளி விழும். தாண்டினால் சிவப்பு. சிவப்பு வாங்கினவர்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். ரயில்வே கேட், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று எதைச் சொன்னாலும் மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்தவன் மட்டும் பறந்தா போறான்?" என்பார். ஐம்பது வயதில், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி எல்லோர் முன்னாலும் நின்றிருக்கிறேன். அது ஒரு மாதிரியாக இருக்கும்.

ஆகவே தெருமுனைக்கு வந்ததுமே அழுத்திவிடுவேன். வீடுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, எப்படியும் இரண்டு நிமிடத்தில் போய்விடுவோம் என்ற கணக்கு. வேறு ஓட்டுநர்களும் செய்ததுதான், ஊரோடு ஒத்துப் போனேன். என்னுடன் வரும் மருத்துவ உதவியாளரைத் தாடி என்போம். அவர் தாடியை எடுத்துப் பத்து வருடமாகிறது, பெயர் மட்டும் உதிரவில்லை. ஆரம்பத்தில் அவர் முணுமுணுத்தார்.

"இன்னும் போய்ச் சேரவே இல்ல, அதுக்குள்ள என்னப்பா அவசரம்?"

"நீ பையைத் தூக்கு. பொத்தானை நான் பார்த்துக்கறேன்."

சிரித்துக்கொள்வோம். இரண்டு வருடம் எங்கள் வண்டிக்குச் சிவப்பே விழாமல், கேடயம் கொடுத்தார்கள். என் மனைவி அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் டீச்சர். யாராவது இதயம் நின்று விழுந்துவிட்டால், கூட இருப்பவர்களுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுப்பது அவர்தான். நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையை வையுங்கள், மேலே இன்னொரு கை, நன்றாக அழுத்துங்கள் என்பார். வண்டி வரும்வரை ஒன்று, இரண்டு என்று கூடவே எண்ணிக்கொண்டிருப்பார். நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக மூளைக்கு ரத்தத்தை அனுப்புவது அந்த இரண்டு கைகள்தான். கை நின்றால் அதுவும் நின்றுவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுமக்களுக்கான பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான்.

பொத்தானை அழுத்திய நேரமும் வாசலுக்குப் போன நேரமும் பொருந்தவில்லை என்று முதல் விசாரணை நடந்தபோது, பொத்தான் வெறும் பதிவுக்குத்தான் என்று நினைத்தேன் என்றேன். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்தச் சம்பவத்துக்குப் பதினொரு மாதம் முன்பே எனக்குத் தெரியும். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சரே சொன்னார்.

"நீங்க அழுத்தினதும் என் திரை பச்சையாயிடும்ணே. உடனே, வண்டி வந்துடுச்சு, நிறுத்திட்டுப் போய்க் கதவைத் திறங்கன்னு சொல்லிட்டு லைனை விட்டுடுவேன். அடுத்த ஆள் காத்திருப்பாங்கல்ல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வாரம் முழுக்க வீட்டு வாசலில் நின்ற பிறகே அழுத்தினேன். திங்கட்கிழமை மூன்று சிவப்புக்கு எழுந்து நின்றேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் தெருமுனை.

அதற்குப் பிறகு இதயம் நின்றவர்களுக்காகப் பதினாறு முறை போயிருக்கிறேன். பதினாறிலும் முனையிலேயே அழுத்தினேன். ஒருவர் பிழைத்தார். அவருடைய மகள் டீச்சர் சொன்னதைக் கேட்கவில்லை. "கதவை உடைச்சுட்டு வரட்டும்" என்று நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். நன்றிக் கடிதம் என் பெயருக்கு வந்தது.

பதினாறாவதுதான் நீங்கள் கேட்கிற சம்பவம். காலை பத்து நாற்பதுக்கு அழைப்பு. மூன்றாவது மாடி, சாப்பாட்டு மேசையிலிருந்து சரிந்து விழுந்தவர், வீட்டில் மனைவி மட்டும். மருந்துக்கடை முனைக்கு வரும்போது ஏழு நிமிடம் ஐம்பது விநாடி. அழுத்தினேன். வண்டியைத் திருப்பினால் தெருவின் நடுவே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறது. பின்னால் வந்து, அடுத்த தெருவைச் சுற்றி, வாசலுக்குப் போக மூன்று நிமிடம் பத்து விநாடி ஆயிற்று.

அந்த மூன்று நிமிடத்தில் ஒரு வழி இருந்தது. வயர்லெஸ்ஸை எடுத்து, "டீச்சர், இன்னும் வரலை, மறுபடி கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை. சொன்னால் பச்சை சிவப்பாகும். வயர்லெஸ் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தாடி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

அந்த அம்மா வெறுங்காலோடு கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. "வந்துட்டீங்கன்னு சொன்னாங்களே. எவ்வளவு நேரமா நிக்கறேன்" என்றார். மேலே, நாற்காலிகளை ஒதுக்கி, கணவரைத் தரையில் நேராகக் கிடத்தி, சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்திருந்தார். தாடி நாற்பது நிமிடம் போராடினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். இதயத் துடிப்பு காட்டும் கருவியில் கோடு அசையவே இல்லை.

பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டார்.

"நான் நிறுத்திட்டுக் கீழ வந்தது தப்பாங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "நிறுத்தாம இருந்திருக்கலாம்மா" என்றேன்.

வாய் தவறி வந்ததல்ல. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது என்று யோசித்துச் சொன்னேன். அவர் கேட்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

போன மாதம் பயிற்சி வகுப்புக்கு மகனோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம் பொம்மையின் நெஞ்சை அழுத்த வேண்டும். முடிந்ததும் நான், "வண்டி வந்துடுச்சு, நிறுத்தலாம்" என்பேன். வகுப்பில் எப்போதும் அப்படித்தான் சொல்வது. மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அவர் எழவில்லை. பக்கத்தில் போய் மறுபடி சொன்னேன். அவர் நிமிராமல், எண்ணிக்கைக்கு நடுவே, "இங்க வந்து நிக்கட்டும். பார்த்துட்டு நிறுத்தறேன்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பதினொரு நிமிடம் அழுத்தினார். மகன்தான் தோளைப் பிடித்துத் தூக்கினார். "தூக்கத்துலயும் எண்ணறாங்க சார். அப்பாவை நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டே இருக்காங்க" என்றார். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நம்புவீர்கள். இறங்குகிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது. கேடயத்தை எடுத்து அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தேன். தூசிக்குப் பயந்து வைத்தேன் என்று நினைத்து, மனைவி துடைத்துத் திரும்ப வெளியே வைத்துவிட்டாள்.

ஐயா, அந்த அம்மா யாரையும் கொல்லவில்லை. கொன்றது நான். ஒரு சிவப்புப் புள்ளிக்குப் பயந்து, தெரிந்தே செய்தேன். பழியை அவர் தலையில் வைத்ததும் தெரிந்தேதான். டீச்சருக்கு இதில் பங்கில்லை. தாடி முதலிலேயே கேட்டார்.

மேலே 'ஆம்' என்று குறித்ததைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நேற்று காலை அவரிடம் சொல்லத்தான் கிளம்பினேன். மருந்துக்கடை முனை வரை போனேன். பள்ளத்தை மூடிவிட்டார்கள், தெரு நேராகக் கிடந்தது. கேட் தெரிந்தது, மூன்றாவது மாடி ஜன்னலும் தெரிந்தது. படிவம் பையில் இருந்தது. ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, அங்கேயே அந்தக் கட்டத்தைக் குறித்தேன். பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை ஐயா. வீடுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, எப்படியும் இரண்டு நிமிடத்தில் போய்விடுவேன் என்ற கணக்குதான்.