அவன் பக்கத்தையும் எழுது

லாஸ்பேட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவன் கம்பெனி சட்டையில், ஷிப்டுக்குப் போகிறான். அவளுக்குத் தபால் வழி எம்.ஏ. ஆங்கிலப் பரீட்சை. பாடம் ஓர் அமெரிக்க நாடகம். வீட்டையே அடக்கி ஆளும் தொழிலாளிக் கணவனைப் பற்றிக் கேள்வி வருமாம்.

"சோத்துத் தட்ட செவுத்துல அடிச்சான், சரி. அவன் பக்கத்தையும் எழுது செல்வி" என்றான் அவன்.

நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"பொண்டாட்டி மேல கை நீட்டுறான். அவனுக்கு என்ன மாமா பக்கம்?"

"அடிச்சது தப்புதான். ஆனா உழைச்சிட்டு வூட்டுக்கு வந்தா, பொண்டாட்டியோட அக்கா உக்காந்துக்கினு 'நீ காட்டான்'னா கோவம் வராதா?"

"கோவம் எங்கருந்து வருதுன்னு எழுதுறேன். அதுக்காக அவன விட்டுட முடியாது. வூடு, பொண்டாட்டி, எல்லாமே அவனுக்கு 'என்னுது'. அதான் அவன் வியாதி."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் குரலைத் தணித்தாள்.

"எங்கக்காவும்தான் மாசக்கணக்கா நம்ம வூட்டுல இருக்குது. உன்ன வாய்க்கு வந்தபடி பேசுது. நீ ரூம குடுத்துட்டு ஹால்ல பாய் போட்டு படுக்குற."

"பேசினா பேசட்டும். அது புள்ளைங்கள பாத்துக்கலன்னா நீ எப்பிடி படிச்சிருப்ப?"

காலேஜ் ஸ்டாப் வந்தது. அவள் எழுந்து, அவன் தோளைப் பிடித்தபடி சொன்னாள்:

"அந்த வூட்டுல நீ இருந்திருந்தா நாடகமே நடந்திருக்காது மாமா."

பஸ் நகர்ந்ததும் அவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:

"அத எழுதி வெச்சிடாத, மார்க்க கொறச்சிடுவாங்க!"