தூசு ஒட்டாத தகடும் தீராத பொறாமையும்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, பூமியின் ஆழம் பார்த்து வந்த சுரங்கப் பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் ஸ்கெலட்டன் குடியிருப்புத் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகைக்கும் எதிர்க்கடை ஷில்பா அவர்களே, வணக்கம்!

ஷில்பாவைப் பாராட்டிப் பேச அழைத்தீர்கள். பாராட்டுகிறேன், பற்றி எரிகிற நெஞ்சோடு பாராட்டுகிறேன்! சிரிக்காதீர்கள் ஐயா, உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஆண்டர்சன்பேட்டையில் சோலார் தகடு என்றால் யார்? இந்த வாசு! அப்படித்தான் இருந்தது, எதிரே இந்த அம்மையார் கடை திறக்கும் வரை. சுரங்க மண்மேட்டிலிருந்து பறந்து வரும் வெள்ளைத் தூசு ஒட்டாதிருக்க, தகட்டுக் கண்ணாடியில் ஒரு பூச்சு பூசித் தந்தார். ஊரே அங்கே போனது. நான் ஈ ஓட்டினேன். "நாலு காத்தடிச்சா போயிடும் அந்தப் பூச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னேன்.

இங்குள்ள சிறு மருத்துவமனையில் கிழக்கு அறைக்கு என் தகடு, மேற்கு அறைக்கு அவர் தகடு. கோடை வந்தது, காற்று வந்தது, கழுவத் தண்ணீர் மட்டும் வரவில்லை. என் தகடுகள் சுண்ணாம்பு அடித்த சுவராய் வெளுத்தன. அவருடையவை நீலமாய் மின்னின. அந்த நீலம் என் கண்ணைக் குத்தியது!

அப்போது கிழக்கு அறையில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருந்தவர் யார்? சுரங்கத் தூசு நெஞ்சில் ஏறிய என் தந்தை கோவிந்தன். பட்டப்பகலில் கரண்ட் போனது. பாதியும் நிறையாத என் பேட்டரி சற்று ஓடி நின்றது. நர்ஸ் அமலா கத்தினார்:

"இன்னாண்ணா பாத்துக்கினு நிக்கிறீங்க? கட்டிலைப் புடிங்க, அந்த ரூமுக்குத் தள்ளுங்க!"

தள்ளினேன். அங்கே ஷில்பாவின் தகட்டில் வேறோர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன். அழுதேனா? அழுதேன். அந்த அழுகையில் பாதி பொறாமை ஐயா! என் அப்பாவுக்கு மூச்சுக் கொடுத்தது என் தகடாக இருந்திருக்கக் கூடாதா?

மறுநாள் எதிர்க்கடைப் படியேறினேன்.

"என் தகட்டுக்கும் பூசித் தருவீங்களா?"

"தரேன் வாசுண்ணா. ஆனா ஊரெல்லாம் ஒண்ணு சொல்லிக்கினு இருந்தீங்களே, அதை ஊர் முன்னாடியே மாத்திச் சொல்லணும்."

சொல்கிறேன். காற்று அடித்தது, பூச்சு போகவில்லை! என் தகட்டுக்கும் அவர் பூசித் தந்துவிட்டார்; கிழக்கு அறையிலும் இன்று கரண்ட் போனால் கவலையில்லை. ஆம் ஐயா, கைதட்டுங்கள். ஆனால் அவரைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாகத் தட்டுங்கள்!

அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார். மாலைதோறும் கடைவீதிக்கு வருகிறார், டீ குடிக்கிறார். எங்கே உட்கார்ந்து? பெற்ற மகன் கடையிலா? எதிர்க்கடையில்!

இந்த வயிற்றெரிச்சலையும் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, அவருக்கும் கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!