மேல்தட்டில் நான்கு கிலோ

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி விழுந்தது. அதன் எடை முப்பத்தொரு கிலோ.

கார் ஷெட்டை ஒழுங்காக வைத்திருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெயின்ட் டப்பாக்கள் வெயில் படாத சுவரோரம் இருக்க வேண்டும். செடிக்கு அடிக்கும் மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. ஏணியைப் படுக்கவைத்து மாட்ட வேண்டும். கனமானது கீழே, இலேசானது மேலே. சரக்குக் கிடங்கில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். என் பொறுப்பில் ஒருவருக்குக்கூட விரல் நசுங்கியதில்லை.

வீட்டிலும் அதே முறைதான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் உள்ளே இருப்பதை எழுதி, தராசில் நிறுத்து எடையையும் எழுதி ஒட்டுவேன். ஐந்து கிலோவுக்குக் கீழே என்றால் என் மனைவி தானே இழுத்து எடுப்பாள். பத்துக்கு மேல் என்றால் என்னைக் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை. விருந்தாளிகள் முன்னால், "கொஞ்சம் அசந்து தூங்கினா என் நெத்தியிலயும் சீட்டு ஒட்டிடுவாரு" என்பாள். ஆனால் சீட்டைப் படிக்காமல் ஒரு பெட்டியையும் அவள் தொட்டதில்லை. நான் எழுதினால் சரியாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகன். சுண்டு என்று கூப்பிடுவோம். ஆறடி வளர்ந்த பிறகும் சுண்டுதான். பத்தொன்பதாவது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டான். அவன் பொருள்களை ஏழு பெட்டிகளில் அடுக்கினேன். எல்லாம் துணி, காகிதம், காலணி, இலேசானவை. ஈரம் ஏறாமல் இருக்க மேல்தட்டில் வைத்தேன். ஆறு வருடத்தில் ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை.

மனைவி முதல் இரண்டு வருடம் ஷெட் பக்கமே வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். தேறுவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஒருநாள் பால் கொண்டுவருபவர் சுண்டுவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அளவு சரியாக இருந்தது. அன்று அந்தப் பெட்டியை மறுபடி நிறுத்துச் சீட்டை மாற்றினேன். ஒரு கிலோ இருநூறு கிராம் குறைந்திருந்தது.

பிப்ரவரிக் கடைசியில், தெருமுனைத் தையற்காரம்மாவின் கடையை இடிக்கப் போகிறார்கள் என்றும், நம் ஷெட்டில் மெஷின் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும் மனைவி சொன்னாள். ஏழு பெட்டிகளையும் மாணவர் விடுதிக்குக் கொடுத்துவிடலாம், செவ்வாய்க்கிழமை இறக்கிவைத்தால் புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன். அவன் அந்தப் பெட்டியிலயா இருக்கான்?"

மெதுவாகத்தான் கேட்டாள். கை கழுவ எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் அவள் தையற்காரம்மாவோடு இடத்தை அளப்பது பற்றிப் பேசப் போயிருந்தாள். சுண்டுவின் கம்பளி உடைப் பெட்டியை இறக்கி என் கட்டிலுக்கடியில் வைத்தேன். அதே அளவுள்ள வெறும் பெட்டியை அந்த இடத்தில் வைத்து, வீடு கட்டியபோது மிஞ்சிய தரை ஓடுகளை ஒவ்வொன்றாக நிறுத்து மேலே கொண்டுபோய் நிரப்பினேன். கனத்தை மொத்தமாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். பெட்டியை மேலேயே வைத்து ஒட்டி, விளிம்பை விட்டு நான்கு விரற்கடை வெளியே நிற்கும்படி நகர்த்தினேன். பழைய சீட்டை உரித்து இதில் ஒட்டினேன். சுண்டு, கம்பளி, நான்கு கிலோ.

தோள் பிசகும், ஒரு மாதம் படுத்திருப்பாள், அதற்குள் தையற்காரம்மா வேறு இடம் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஷெட்டில் பதினைந்து கிலோவில் ஒரு புத்தகப் பெட்டியும் இருந்தது. தோளுக்கு அது போதும். அதை நான் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டபோது சமையலறையில் இருந்தேன். போய்ப் பார்த்தேன். முக்காலி சாய்ந்து கிடந்தது. அவள் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தாள். காதோரம் இரத்தம். நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடை தப்பா எழுதிட்டீங்க போல" என்றாள். பிறகு, "பரவாயில்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் சீட்டை மாற்றினேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. 'தரை ஓடு, முப்பத்தொரு கிலோ' என்று புதிதாக எழுதி ஒட்டினேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. பொய்யான சீட்டு ஒன்று ஷெட்டில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கு வந்து நீங்கள் அவளை விசாரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். உங்கள் குறிப்பேட்டில் அது இருக்கும்.

"எடை சரியாத்தான் எழுதியிருந்தது, மேடம். நான்தான் படிக்காம இழுத்துட்டேன்."

நீங்கள் எழுதிக்கொண்டு, வயதானவர்கள் முக்காலி மீது ஏறக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். தலைக்குள் கசிந்த இரத்தத்தைக் கொஞ்சம் முன்பே கவனித்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பதினோராம் தேதி விடியற்காலையில் அவள் இறந்தாள்.

உங்கள் அறிக்கையில் 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். அவள் கவனமானவள். சீட்டைப் படித்துவிட்டுத்தான் இழுத்தாள். அவள் பெயரில் அப்படி ஒரு சொல் நிற்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

காரியங்கள் முடிந்ததும் அவள் தங்கை ஷெட் சாவியைக் கேட்டாள். "அக்கா ஆசப்பட்டது அத்தான், செஞ்சுடலாம்" என்றாள். கொடுத்தேன். வீட்டைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் இருந்ததையும் கண்டுபிடித்து எடுத்து வைத்தாள். பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, விடுதி வண்டி வந்து ஏழு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் உங்களிடம் வந்தது பத்தொன்பதாம் தேதி.