மலையில் நிலுவையில் இருக்கும் வழக்கு

காட்டையும் கோர்ட்டையும் ஒரே கால்களால் அளந்தவரே! கறுப்பு அங்கிக்குள் காற்றையும் வெயிலையும் கட்டி வைத்திருந்தவரே! வாதத்தில் வல்லவரே, வழிநடையில் வேகம் குறையாதவரே! எங்கள் சங்கத்தின் மூத்தவரே! இன்று பணி நிறைவு பெறும் பெருமைமிகு வக்கீலையா அவர்களே! உங்கள் சக வழக்கறிஞர்களின் வணக்கம்.

எல்லைத் தகராறு என்று ஒருவர் வந்து நின்றால், நாங்கள் பத்திரத்தைக் கேட்போம். நீங்கள் செருப்பைத் தேடுவீர்கள். நிலத்தை நடந்து பார்க்காமல் நீங்கள் ஒரு வழக்கையும் கையில் எடுத்ததில்லை. அலுவலகத்தில் உங்களைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஆற்றங்கரைப் பாறைக்கு வழி சொல்லிச் சொல்லியே உங்கள் குமாஸ்தாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒட்டுப்புல் அப்பிய அங்கியோடு நீங்கள் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது, "என்ன வக்கீல் சார், பாதிக் காட்டக் கொண்டு வந்துட்டீங்க போல" என்றார் நீதிபதி. "மீதி மதியத்துக்கு மேல வரும் ஐயா" என்றீர்கள். அன்று தோற்ற கட்சிக்காரர்கூடச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

நல்லதை மட்டும் சொல்லிச் சட்டம் போட்டு மாட்டுவதுதான் இத்தகைய மடல்களின் மரபு. எங்களுக்கு இன்று அந்தத் தைரியம் இல்லை. மலையே மூச்சாக இருந்த நீங்கள் ஏன் அடிவாரத்தோடு நின்றுபோனீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால், நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றியும் பேச முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன், மலைச்சரிவில் ஒரு நிலத்தைப் பார்க்கத் தனியாகப் போனீர்கள். பட்டப்பகலில் பனிமூட்டம் இறங்கி மலையையே விழுங்கிவிட்டது. உங்களைத் தேடிவந்த நாங்கள் அடிவாரத்தின் கடைசி மரத்தடியில் நின்று கத்தினோம். கத்தியது எங்கள் காதுக்கே எட்டவில்லை. கடைசியில் நம் நீதிமன்ற டவாலியைக் கூட்டிவந்தோம். அவர் கூப்பிட்டால் வாசலில் தூங்கும் சாட்சிகள் எழுந்து ஓடிவருவார்கள். பாவம், அவருக்குக் கூப்பிடத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான். மும்முறை உங்கள் பெயரைச் சொல்லி "வாதி ஆஜரா?" என்று முழங்கினார். வாய்ப்பழக்கம் விடவில்லை, அதே மூச்சில் "பிரதிவாதி ஆஜரா?" என்றும் கேட்டுவிட்டார்.

நீங்கள் பனிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள். உங்களுக்குப் பின்னால், சரிவின் மேலிருந்து, நிதானமாக ஒரு குரல் "ஆஜர்" என்றது.

மலையில் உங்களைத் தவிர யாரும் இல்லை. காலடிகள் சருகை மிதித்து இறங்கிவந்து, மூட்டத்தின் விளிம்பில் நின்றன. டவாலி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் மட்டும் திரும்பி, கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, அந்த வெள்ளை மூட்டத்தை நோக்கித் தலை வணங்கினீர்கள். "வழக்கு என்னன்னே எனக்குத் தெரியாதுங்க. அவகாசம் வேணும். வாய்தா கேக்குறேன்."

பிறகு காலடிகள் மேலே ஏறிப் போயின. நீங்கள் கேட்டு மறுக்கப்பட்ட வாய்தா என்று ஒன்று உண்டா!

அதன் பிறகு ஆண்டுதோறும் பனி இறங்கும் நாளில் அந்த மரத்தடிக்குப் போய் வாய்தா கேட்டு வந்தீர்கள். மலையேறுவதை விட்டீர்கள். மாலையில் நீதிமன்ற வராந்தாவில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த முகத்தைப் பார்க்க எங்களுக்கு மனம் வராது. வாய்தா வாங்கியே கட்சிக்காரரைக் கிழவராக்கிவிடும் தொழில் நம்முடையது என்று ஊரார் கேலி செய்வார்கள். உங்கள் வழக்கில் கட்சிக்காரரும் நீங்களே, கிழவரானதும் நீங்களே.

இந்த ஆண்டுதான் அந்தக் குரல் உங்கள் வாய்தாவுக்கு முதன்முறையாகப் பதில் சொன்னது. நாங்களும் உடன் நின்று கேட்டோம். அதட்டலாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னது: "எனக்கும் வயசாகுதுய்யா."

மறுநாளே தொழிலிலிருந்து ஓய்வு பெறுவதாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள். நாளைக் காலை தனியாக மலையேறி, அது என்ன கேட்கிறது என்று நேருக்கு நேர் கேட்கப்போவதாகச் சொன்னீர்கள். உங்கள் துணைவியார் சங்கத்துக்கு வந்து அழுதார். "நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறார். நீங்களாவது சொல்லி நிறுத்துங்கண்ணா. இல்லன்னா தனியா மட்டும் விட்டுராதீங்க."

நிறுத்த முடியாது என்று எங்களுக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் எவரும் விசாரணைக்குப் போகக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர் நீங்கள். ஆகவே உங்கள் தரப்பில் நாங்கள் வக்காலத்துப் போட்டிருக்கிறோம். நாளை அங்கியோடு உங்கள் பின்னால் ஏறுவோம். மூச்சு வாங்கினால் சிரிக்காதீர்கள்.

நேற்று நடந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் அந்த வக்காலத்தில் கையெழுத்திடவில்லை. வாழ்நாளெல்லாம் உங்களுக்கு எதிர்த்தரப்பிலேயே நின்று வாதாடி, வெளியே வந்து உங்களோடு ஒரே பெஞ்சில் தேநீர் குடித்த வக்கீலம்மாதான் அவர். "என்னம்மா, இன்னைக்குமா எதிர்க்கட்சி?" என்று கேட்டோம்.

"உங்க பக்கம் இத்தன பேர் இருக்கீங்க. அந்தப் பக்கம் யாரு?" என்றார். பிறகு கைப்பையை மூடிக்கொண்டே, "முந்தாநாளே அது வீட்டு வாசல்ல வந்து கேட்டுட்டுப் போச்சு. நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் அணிந்திருந்த அங்கியின் தோள்பட்டை நனைந்திருந்தது. ஊரில் அன்று மழையுமில்லை, பனியுமில்லை.

ஐயா, உங்கள் உடல் உரம் குன்றாதிருக்கட்டும்! உங்கள் கால்கள் உங்களைத் தடுமாறாமல் தாங்கட்டும்! வழக்கு எதுவானாலும் அது நியாயமாக முடியட்டும்! முடிந்தபின் நீங்கள் விரும்பிய மலையில் நீங்கள் விரும்பிய நேரமெல்லாம் நடந்து, நெடுங்காலம் நலமோடு வீடு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
வாதி தரப்பில்: சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரும்
பிரதிவாதி தரப்பில்: வக்கீலம்மா