ஏழாம் நம்பர் பார்க்கிங்

...அத ஏன் கேக்கற ஆஷா! காலைல தொடச்ச கார். இப்ப பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு... எல்லாம் அந்தக் கொக்குங்க வேலை! உள்ள வா, வா. மாடில குடிவந்து மூணு மாசமாச்சு, இப்பத்தான் எட்டிப் பாக்கறே. அந்தப் பேப்பரக் குடு. 'பின்னாடி இருக்கற குட்டையையும் வாய்க்காலையும் மூடி பார்க்கிங் ஆக்கணும்'... ம்ம். அழகா எழுதியிருக்கே. எத்தன கையெழுத்து? பதினொண்ணா? பரவால்லயே! இரு, கண்ணாடி எங்க வெச்சேன்...

நான் படற பாடு உனக்குத் தெரியாதும்மா. ஐம்பத்தெட்டு வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டவ நான். எங்க வீட்டுக்காரர் சாம்பசிவன் பக்கத்து சீட்ல கண்ண மூடிக்கிட்டே வருவார். அப்படிக் கத்துக்கிட்டு ஆசையா வாங்கின கார். அதுக்குக் கூரை போட்ட பார்க்கிங், ஏழாம் நம்பர். இப்ப? கார் தெருவுல நிக்குது, ஏழாம் நம்பர்ல தண்ணி ஓடுது!

தவளை சத்தம் உனக்கும் கேக்குதா? ரெண்டாவது மாடிக்கே கேக்குதுன்னா எனக்கு எப்படி இருக்கும்! எங்க அக்கா போன் பண்ணா, 'ஞானம், மிக்சிய நிறுத்திட்டுப் பேசு'ங்கறா. அப்பறம் ஞாயித்துக்கிழமை ஆனா தொப்பியும் பைனாகுலருமா நாலு பேர். பறவையெல்லாம் என் பின்வாசல்லேர்ந்துதான் நல்லா தெரியுதாம். வந்தவங்களுக்குக் காபி குடுக்காம இருக்க முடியுமா? நீ குடிப்பேல்ல? பால் வெச்சிருக்கேன், உக்காரு.

எங்க விட்டேன்... ஆங், வாய்க்கால். நீ வர்றதுக்கு மூணு வருஷம் முந்தி, டிசம்பர் மழை. அப்ப குட்டை பூரா கட்டட இடிசல், மேல ஆகாயத்தாமரை. தண்ணி எங்க போகும்? என் ஹாலுக்குத்தான் வந்துது. முட்டி வரைக்கும்! பிரிட்ஜ் மல்லாக்க மெதக்குது. எங்க வீட்டுக்காரர் டைனிங் டேபிள் மேல சம்மணம் போட்டுக்கிட்டு, 'ஞானம், மோர் இருக்கா?'ங்கறார். சிரிக்கறியா? நானும் இப்பத்தான் சிரிக்கறேன். அன்னிக்கு அழுதேன்.

தண்ணி வடிஞ்சதும் அசோசியேஷன் மீட்டிங். செக்ரட்டரி பென்னி எழுந்து, 'பில்டர் விட்டுவெச்ச அந்தக் குட்டைய மூடிட்டா மேடாயிடும்'னார். எனக்கு வந்துது பாரு கோவம்! முப்பது வருஷம் சர்வே ஆபீஸ்ல நிலத்துக்குப் படம் போட்டவ நான், என்கிட்டயே மேடு பள்ளமா? மறுநாளே தாலுகா ஆபீஸ் போய் இந்த இடத்தோட பழைய படத்துக்கு நகல் வாங்கினேன். அடுத்த மீட்டிங்ல விரிச்சேன். 'குட்டைய மூடாதீங்க, தூர் வாருங்க. அதுலேர்ந்து ஏரிக்குப் போற வாய்க்கால் இதோ இருக்கு, மூடினதத் தோண்டுங்க'ன்னு சிவப்புப் பேனாவால ஒரே கோடு! பென்னி குனிஞ்சு பாத்தார். 'ஆன்ட்டி... இது ஏழாம் நம்பர் மேல போகுதே'ங்கறார்.

ஆமாம்மா. என் பார்க்கிங்தான். நான் போட்ட கோடுதான்.

பாவம், பென்னி நல்லவர். 'கொஞ்சம் வளைச்சுக்கலாமா ஆன்ட்டி?'ன்னு மெதுவா கேட்டார். எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் கை தயங்கிச்சு. எட்டு அடி தள்ளிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? அப்பறம் சொன்னேன், 'பள்ளம் இருக்கற எடத்துலதான் தண்ணி போகும். வளைக்காதீங்க.'

நாலு மாசம் வேலை. நம்ம மாடிப்படி பெருக்க வருவாங்களே, அந்தத் தனமும் அவங்க ஊர்ப் பொம்பளைங்களும் இடுப்பளவு சேத்துல நின்னு ஆகாயத்தாமரைய அள்ளிப் போட்டாங்க. கரையெல்லாம் கோரை நட்டாங்க. அடுத்த மழைக்குத் தெருவுல முழங்கால் தண்ணி. நான் ஹால் நடுவுல சேர் போட்டு, நாள் பூரா தரையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு சொட்டு... ஒரு சொட்டு வரலம்மா!

கையெழுத்தா? நானா? ஐயையோ, போடமாட்டேன்! கொக்க நான் திட்டுவேன், வேற யாரும் திட்டக்கூடாது. உனக்கு வண்டி நிறுத்தக் கஷ்டம், ஒத்துக்கறேன். வா, பென்னிகிட்ட சேந்து போய் வேற எடம் கேப்போம். ஆனா இந்தப் பதினோரு பேரப் பாரு... எல்லாம் ரெண்டாவது மாடி, மூணாவது மாடி. கீழ்வீட்டுக்காரங்க ஒருத்தராவது இருக்காங்களா?

என்ன, எழுந்துட்டே? காபி? எதிர்வீட்டுக்கா... அதுவும் கீழ்வீடுதான், பிரிட்டோ சார். அன்னிக்கு அவருக்கு சோபா, கட்டில், கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு. போ, கையெழுத்து போடுவாரான்னு போய்க் கேளு. ஆனா சாப்பிட்டுப் போம்மா... அவர் என்ன மாதிரி சுருக்கமா பேச மாட்டார்!