கதவை உடைத்தவரும் கதவைப் பார்க்காதவரும்

அளவோடு பேசுவேன் என்று என்னை அநியாயத்துக்கு நம்பி அழைத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! அறிவால் மூத்த ஆன்றோர்களே! ஊரார் வீட்டு நெருப்பை அணைக்கப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே! தீயோடு போராடும் தீயணைப்புத் தீரர்களே! பதவி உயர்வு பெற்று, கூச்சத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் நம் கோடாரி அண்ணன் அவர்களே! இந்த வழக்கறிஞனின் வணக்கம்.

சட்டம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மூன்றாம் வரிசையில் கொட்டாவி கேட்கிறது. விடுங்கள், விடுங்கள்! சங்கு ஊதினால் எழுந்துவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணனுக்குப் பதவி உயர்வு ஏன் இத்தனை தாமதம் என்று வந்ததிலிருந்து பலர் என் காதைக் கடித்துவிட்டார்கள். காது மிச்சமிருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு துணிக்கடை. பட்டப்பகல். மின்கசிவில் தீப்பிடித்தது. வாடிக்கையாளர்கள் முன்வாசல் வழியே ஓடிவிட்டார்கள். நடுவில் நெருப்பு; பின்கட்டில் இருந்த பெண்களுக்கு அவசர வழி ஒன்றுதான் கதி. அவசர வழிக்கோ ஒரு பூட்டு! வேலை செய்யும் பெண்கள் நேரத்துக்கு முன்பே நழுவிவிடக் கூடாதாம். முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். சாவியும் அவர் சட்டைப்பையில் சவாரி போயிருந்தது. அண்ணன் வந்தார், கோடாரியை ஓங்கினார், கதவைப் பிளந்தார், அத்தனை பேரையும் மீட்டார்.

முதலாளி என்ன செய்தார்? மாலை போட்டாரா? மனு போட்டார்! தேக்குக் கதவுக்கு நஷ்டஈடு, நனைந்த துணிக்கு நஷ்டஈடு!

அவருடைய வக்கீல் அண்ணனைக் கேட்டார்: "கதவ ஒடைக்கறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட அனுமதி வாங்குனீங்களா?"

"வாங்கியிருப்பேன் சார். நெருப்புதான் அவகாசம் குடுக்கல."

நீதிமன்றமே சிரித்தது. அடுத்து, அண்ணனுக்காக வாதாடிய நான் ஒரு சாட்சியை அழைத்தேன். கல்லாவில் உட்காரும் அம்மா. முதலாளியின் மனைவி! அவரும் அன்று சரக்குப் பார்க்கப் போய் அந்தப் பின்கட்டில்தான் மாட்டிக்கொண்டிருந்தார். கூண்டில் ஏறியவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார்.

"கதவு போச்சு, கதவு போச்சுன்னு வீட்ல தெனமும் பொலம்புறீங்களே, அது ஒடையலன்னா அந்தப் பொலம்பலக் கேக்க வீட்ல யாருங்க இருந்திருப்பா?"

என்னம்மா, அங்கே இவ்வளவு பலமான கைதட்டல்? பக்கத்தில் இருக்கும் கணவரைக் கொஞ்சம் பார்த்துத் தட்டுங்கள், பாவம்!

ஆனால் அவசரப்படாதீர்கள். நீதிபதி நம் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கடைக்குத் தீயணைப்புத் துறையோட தடையில்லாச் சான்று குடுத்தது யாரு?"

"நான்தாங்கய்யா" என்றார் அண்ணன்.

"பின்பக்கக் கதவப் பாத்தீங்களா?"

'நினைவில்லை' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பெரிய மனிதர்கள் பல்லக்கில் போகும் பாதை அது. அண்ணன் அதில் கால் வைக்கவில்லை.

"பாக்கலீங்கய்யா. கடை முன்பக்கமே உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. பின்னாடி கதவு இருக்குன்னு சொன்னாங்க, நம்பிட்டேன்."

தீர்ப்பு வந்தது. உயிர் காக்க உடைத்த கதவுக்கு நஷ்டஈடு கிடையாது. வழியைப் பூட்டிய முதலாளி மீது குற்ற வழக்கு. பார்க்காமல் சான்று கொடுத்த அண்ணன் மீது துறை விசாரணை. அன்று நின்ற உயர்வு, விசாரணையெல்லாம் முடிந்து இப்போதுதான் வந்திருக்கிறது.

வெளியே வந்து கேட்டேன், "ஏண்ணே, வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க?"

"அந்தம்மா கையப் பாத்தீங்களா சார்? கதவத் தட்டித் தட்டிப் புண்ணாகி, ரெண்டு கையும் இன்னும் தழும்பு. அதப் பாத்துட்டு ஞாபகமில்லன்னு எப்பிடி சார் சொல்றது?"

தோழர்களே! கோடாரியை ஓங்கும் கைக்குக் காவல் நிற்பது எது? சட்டம்! கையெழுத்துப் போடும் கையைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பது எது? அதே சட்டம்! காப்பாற்றும்போது மட்டும் அது கடவுள், கணக்குக் கேட்கும்போது மட்டும் அது கழுத்தறுப்பா? உங்களைக் கேட்க ஒருவர் இருப்பதால்தானே, உங்கள் சொல்லை நம்பி ஊர் தன் பிள்ளைகளைக் கடைக்கும் பள்ளிக்கும் அனுப்புகிறது!

அந்த அம்மா இன்று வந்திருக்கிறார். அண்ணனுக்குச் சால்வை போர்த்தப்போவது அவர்தான். அவர் மேடைக்கு வருவதற்கு வழிவிட்டு, பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, நலம் சூழ வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!