ராயகிரி மாமரங்களுக்கு வேர்வரை வழி சமைத்த சத்தியநாதனார்க்கு

கரிசலிலும் செவலிலும் கால் தேயக் கடமையாற்றிய கண்ணியரே! உழவர் உள்ளம் உவக்க இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்த உத்தமரே! உழவர்க்குப் புதுமுறைகளைச் செய்துகாட்டும் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் பதவியினின்று இன்று விடைபெறும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே! வணக்கம்.

தங்கள் பணிகள் பலவற்றுள் ஒன்றை மட்டும் சொல்ல, அலுவலகத் தோழர்களாகிய எங்களை அனுமதியுங்கள். அதில் எங்கள் பிழையும் கலந்திருக்கிறது.

1951-ஆம் ஆண்டுக் கோடையில், ராயகிரியில் அலிமா பீவி அம்மையாரின் நான்கு மாமரங்களை அவர் வளர்த்த ஆடுகளே, இரை கிடைக்காமல், சுற்றிலும் பட்டை உரித்துத் தின்றுவிட்டன. கணவரை இழந்த அவருக்கு அம்மரங்களே வாழ்வு. நாங்கள் பார்த்து, விறகுக்கு வெட்டிவிடலாம் என்றோம். தாங்கள் எங்களையும் அழைத்துக்கொண்டு, ஆனிச் சாரலில் நனைந்தபடி போய் நின்றீர்கள்.

"எலை பச்சையாத்தானே இருக்கு அய்யா, மரம் எப்படிச் சாவும்?" என்று அழுதார் அம்மையார்.

"தண்ணி உள்கட்டை வழியா மேல ஏறிருதும்மா. எலை ஆக்குத சீனி பட்டை வழியாத்தான் கீழ இறங்கணும். இங்கன தொட்டுப் பாருங்க, வழியில்லாம தேங்கிக் கெடக்கு. வேர் பட்டினி கெடக்கு" என்றீர்கள்.

காயத்தின் மேல்விளிம்பு தடித்துப் புடைத்திருந்தது. தொட்டுப் பார்த்த எங்களுக்கு மெய் சிலிர்த்தது! வெயிலில் இலை ஆக்கிய இனிமை, மயிரினும் நுண்ணிய குழல்களில், ஓசையின்றி, இருண்ட மண்ணுள் வேர்நுனிவரை இறங்குகிறதாம்! அன்றாடம் அந்நிழலில் நின்றும் அதை அறியாதிருந்தோமே!

அம்மரங்களின் இளங்குச்சிகளையே சீவி, நுனி மேலும் அடி கீழுமாகக் சீனி இறங்கப் பாலமாகக் காயத்தின் மேலும் கீழும் உள்ள பட்டைக்குள் செருகி, தேன்மெழுகு பூசி, வாழைநாரால் கட்டினீர்கள். வாரந்தோறும் சைக்கிளில் சென்று பார்த்தீர்கள். மார்கழியில் ஒரு மரத்தடி மண்ணைக் கையால் விலக்கியபோது, வெள்ளைவெளேரென்று புதுவேர்! தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றீர்கள். அம்மையார்தான், "பசியாறிட்டுய்யா!" என்று கூவினார்.

மூன்று மரங்கள் பிழைத்தன. நான்காவது பட்டுப்போனதைத் தங்கள் அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினீர்கள். அந்த நேர்மைக்கும் தலை வணங்குகிறோம்.

தாங்களும் தங்கள் துணைவியார் இன்பம் அம்மையாரும் நோயின்றி நூறாண்டு நிறைவாய் வாழ, அவரவர் தெய்வத்தை வேண்டுகிறோம். இனி எந்த மரத்தையும் வெட்டச் சொல்லுமுன், குனிந்து அதன் வேரைப் பார்ப்போம் என உறுதி கூறுகிறோம்.

இங்ஙனம்,
தங்களோடு பணிபுரிந்து, தங்களால் கண் திறந்த
அலுவலகத் தோழர்கள்
சங்கரன்கோவில்
30-6-1954